மைக் மூடிய அக்கா, குரல் மாற்றிய தம்பி: ஒரு நிகழ்வு ஆய்வு

“மிஸ், என்ர பிள்ளை பொம்பிளைக் குரலில கதைக்கிறான்.”

தாயார் இதைச் சொன்னபோது மகன் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தான். வயது 19. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வெட்டுப்புள்ளிக்குக் காத்திருந்தவன். வலிகாமத்தில் ஒரு ஊர். எந்த ஊர் என்பது வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அறைக்கதவைச் சாத்திவிட்டு போனில் ஃப்ரீ ஃபயர் என்ற, அணியாகச் சேர்ந்து சுடும் விளையாட்டை விளையாடுவான். எடுப்பது பெண் உருவம். அதைத் தாயார் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. ஒருநாள் இயர்போன் வயர் கழன்றுவிட, மகனின் வாய் அசைய அசையப் போனுக்குள்ளிருந்து ஒரு பெட்டையின் குரல் வந்திருக்கிறது. அடுத்த கிழமையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“இது கேம் வருத்தமோ, இல்லாட்டி மற்ற வருத்தமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

“மற்ற” என்ற சொல்லை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் உளவளத்துணையாளர். இதை எழுத மகனும், பின்னால் வரும் அவனுடைய சித்தப்பாவின் மகளும் (வயது 21) சம்மதித்தார்கள். எழுதியதை வாசித்தும் பார்த்தார்கள். ஆள் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இங்கே அவனைத் தம்பி என்றும் அவளை அக்கா என்றும் எழுதுகிறேன்.

தாயாரின் கேள்விக்கு ஒரு சிறு வரலாறு உண்டு, அவருக்கு அது தெரியாது. உலக சுகாதார அமைப்பு தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பை 2019 மே மாதம் ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரே பதிப்பில் ஒன்று உள்ளே வந்தது, ஒன்று வெளியே போனது. வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறு உளநோய்ப் பகுதிக்குள் வந்தது. பால்நிலை இசைவின்மை, அதாவது பிறப்பில் குறித்த பாலும் தான் உணரும் பால்நிலையும் ஒத்துப்போகாமை, உளநோய்ப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டு, பாலியல் நலம் பற்றிய பகுதிக்குப் போனது. அதாவது தாயார் வாய்விட்டுச் சொன்ன வருத்தம் பட்டியலில் இருக்கிறது. சொல்லக் கூசிய வருத்தம் உளநோய் என்ற கணக்கிலேயே இல்லை. இலங்கையிலும் சுகாதார அமைச்சு 2016இல் ஒரு சுற்றறிக்கை மூலம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி செய்தது.

முதலாவதைச் சீக்கிரம் ஒதுக்க முடிந்தது. கோளாறு என்று சொல்ல, விளையாட்டு கைமீறிப் போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும், கெடுதல் தெரிந்த பிறகும் தொடர வேண்டும், அது வழமையாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். தம்பி இரவில் இரண்டு மூன்று மணி நேரம் விளையாடினான். காலையில் எழும்பிக் கணினி வகுப்புக்குப் போனான். 2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்ட, சூம் வகுப்புக்கென்று வீட்டுக்கு வந்த போன் அது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோதுகூடப் பவர் பாங்கை வைத்து விளையாடினோம் என்று பெருமையாகச் சொன்னான். அந்தப் பெருமையை வருத்தம் என்று எழுத என் பேனை ஓடவில்லை.

நான் விட்ட பிழை

அடுத்த இரண்டு சந்திப்புகளை நான் வீணாக்கினேன். “உன்னை நீ எப்பிடி நினைக்கிறாய்?”, “சின்ன வயசில பெண் உடுப்புப் போட்டுப் பாத்திருக்கிறியா?” என்ற மாதிரியான கேள்விகள். பெண் உருவம் எடுக்கிறான் என்றால் பெண்ணாக இருக்க விரும்புகிறான் என்று, தாயார் போட்ட கோட்டிலேயே நானும் நடந்தேன். அவன் தோளை அசைத்தான். ஒரு வசனம் சொல்ல அரை நிமிடம் பிடித்தது. கோப்பில் “பதற்றம், பேச்சில் தடங்கல்” என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அந்த வரிதான் விஷயம் என்று எனக்குப் படவில்லை.

அட்ரியன் ஷோ என்ற ஆய்வாளர் விளிம்பில் நிற்கும் விளையாட்டாளர்களோடு நேரில் கதைத்து 2014இல் எழுதிய ஆய்வை நான் முன்பே வாசித்திருந்தேன். திரையில் இருக்கும் ஆளோடு ஒன்றிப் போவதற்கு அந்த ஆள் நம்மைப் போலவே இருக்க வேண்டும் என்றில்லை, நம்மைப் போல இருப்பதால் மட்டும் ஒன்றிவிடவும் மாட்டோம் என்பதுதான் அதன் சாரம். வாசித்தது வேறு, எதிரில் ஒரு தாய் அழுதுகொண்டிருக்கும்போது ஞாபகம் வருவது வேறு.

மூன்றாம் முறை அவனிடம், “போனைக் கொண்டு வா, விளையாடிக் காட்டு” என்றேன்.

கொண்டு வந்தான். இயர்போனை மாட்டினான். குரல் மாற்றும் செயலி ஒன்றைத் திறந்தான். ஆட்டம் தொடங்கியது. என்னிடம் தன் பெயரைச் சொல்லவே திணறிய பிள்ளை, மூச்சு விடாமல் கதைத்தான்: “அண்ணா, அந்த மஞ்சள் வீட்டுக்குப் பின்னால ரெண்டு பேர் நிக்கினம், குளூ வோல் போடுங்கோ, நான் சுத்தி வாறன்.” ஒரு எழுத்தும் தடக்கவில்லை.

உருவமும் குரலும்

ஃப்ரீ ஃபயரில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு திறமை உண்டு. தம்பி எடுப்பது கெல்லி. அவளுக்கு ஓட்டம் வேகம். திறமை வேண்டுமென்றால் அந்த உருவத்தை எடு என்பதுதான் தொடக்கத்தில் பலருக்கும் கிடைத்த சாட்டு. இதே மாதிரியான இன்னொரு விளையாட்டான பப்ஜியில் அந்தச் சாட்டு இல்லை, ஆண் பெண் தெரிவு வெறும் தோற்றம். அங்கே “பெண் உருவம் சின்னது, குண்டு படாது” என்பார்கள். அது எப்படியோ, கையில் ஒரு காரணம் இருப்பது பெடியளுக்கு வசதி. தம்பியின் நாலு பேர் அணியில் மூன்று பேர் ஒரு காலத்தில் கெல்லியாக ஓடியவர்கள். ஒருவரையும் வீட்டில் கேள்வி கேட்கவில்லை. பிரச்சினை உருவத்தால் வரவில்லை, குரலால்தான் வந்தது.

ஆய்வுகளும் நெடுங்காலம் திரையில் தெரியும் உடல்களைத்தான் எண்ணின. 2009இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பு 150 விளையாட்டுகளைப் பார்த்து, அவற்றில் வரும் பாத்திரங்களில் 85 வீதம் ஆண், 15 வீதம் பெண் என்று காட்டியது. தேவையான எண்ணிக்கைதான். ஆனால் தம்பியின் அறைக்குள் நடந்ததை அதால் விளக்க முடியாது.

தம்பிக்குக் கொன்னை. ஐந்தாம் வகுப்பிலிருந்து. “க”, “ப”, “த” மூன்றும் எதிரிகள். நாலு பேர் அணியாக விளையாடும்போது எதிரி எங்கே என்பதை ஒரு நொடிக்குள் சொல்ல வேண்டும். இவன் “க… க… க…” என்று நிற்கும்போதே அணி செத்துவிடும். பிறகு மைக்கில் விழும் சொற்களை இங்கே எழுதத் தேவையில்லை. ரியூசனில் கேட்ட அதே சொற்கள், ராத்திரியில் காதுக்குள். மைக்கை மூடி வைத்தான். சொல்லாமல் இருப்பவனை அணியில் வைத்திருக்க மாட்டார்கள், கழற்றி விட்டார்கள். அப்போதுதான் ஒரு யூரியூப் காணொளியில் குரல் மாற்றும் செயலியைக் கண்டிருக்கிறான். பகிடிக்குப் போட்டுப் பார்த்தான்.

“என்ர குரல் எனக்கு இயர்போனில வேறயாக் கேட்டது மிஸ். வாய் தானாத் திறந்திட்டுது. தண்ணி மாதிரி வந்தது.”

இதில் மாயம் இல்லை. தன் குரலைச் சுருதி மாற்றிக் காதில் கேட்டால் திக்கல் குறைவது பலரிடம் காணப்பட்டது. அதற்கென்றே கருவிகள் உண்டு. வேறொரு ஆளாக நடித்துக் கதைக்கும்போதும், பாடும்போதும், கூட்டாக ஒப்புவிக்கும்போதும் திக்கு வாய்க்காரருக்குச் சொல் தடக்காமல் வருவது பேச்சுச் சிகிச்சையில் பழைய செய்தி. தம்பிக்கு அந்தச் செயலியில் சுருதி மாற்றமும் நடிப்பும் ஒன்றாகக் கிடைத்தன. நிக் யீ, ஜெரெமி பேலென்சன் என்ற ஆய்வாளர்கள் 2007இல் காட்டியது இன்னொரு பக்கம்: மெய்நிகர் உலகில் உயரமான உடல் கொடுக்கப்பட்டவர்கள் பணம் பங்கிடும் பேரத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். நாம் போட்டுக்கொள்ளும் உடல் நம் நடத்தையைத் திருப்பி வளைக்கிறது. இங்கே வளைத்தது குரல்.

அப்படியானால் இது பால்நிலை பற்றியதே இல்லை, கொன்னை பற்றியது, தாயார் நிம்மதியாகப் போகலாம் என்று கோப்பை மூடியிருக்கலாம். ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அந்தச் செயலியில் பத்துப் பன்னிரண்டு குரல்கள் இருந்தன. கிழவன், ரோபோ, குழந்தை, தடித்த ஆண்குரல். ஏன் இதை எடுத்தாய்?

நெடுநேரம் யோசித்தான். “பெட்டைக் குரல் எண்டா மெதுவாக் கதைக்கலாம் மிஸ். ஒருத்தரும் கத்துறேல்லை. விழுந்தா வந்து எழுப்பி விடுவினம். பெடியன் விழுந்தா விட்டுட்டுப் போயிடுவாங்கள்.”

தான் ஆணா பெண்ணா என்பதை அவன் சொல்லவில்லை. அவனைச் சுற்றி இருப்பவர்கள் ஆணாக இருப்பதற்கு என்ன விலை கேட்கிறார்கள் என்பதைச் சொன்னான். கத்த வேண்டும், முந்த வேண்டும், விழுந்தால் தானே எழும்ப வேண்டும்.

அக்கா

நாலாம் சந்திப்பில் தம்பியே கேட்டு அக்காவைக் கூட்டி வந்தான். அவள்தான் அவனுக்கு முதலில் விளையாடக் காட்டிக் கொடுத்தவள். அணியில் நன்றாகச் சுடுவதும் அவள்தான். அவளுடைய ஐடி ஒரு ஆண் பெயர், மைக் எப்போதும் மூடியிருக்கும், எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டிச் சொல்வாள். இரண்டு வருடமாக அணித்தலைவனுக்கு அவள் “மச்சான்”.

இங்கே தமிழ் அவளுக்கு ஒரு உதவி செய்கிறது. “வாறன்”, “செத்திட்டன்”, “கவர் தாறன்” என்று தன்மையில் சொல்லும்போது சொல்பவர் ஆணா பெண்ணா என்று வினைமுற்று காட்டிக்கொடுக்காது. ஒரு பொய்யும் சொல்லாமல் இரண்டு வருடம் ஓட்டலாம். பால் ஏறுவது மற்றவர் கூப்பிடும்போதுதான்: வாடா, வாடி, மச்சான், மச்சாள்.

தம்பி பெண் குரலில் கதைத்ததை நான் அவளிடம் கேட்டேன். சிரித்தாள்.

“எந்தப் பெட்டை மிஸ் வாய்க்கு வாய் அண்ணா அண்ணா எண்டு கதைக்கிறாள்? ஐயோ, பிளீஸ், பயமாக் கிடக்கு… இவன் சினிமாவைப் பாத்துப் பழகியிருக்கிறான்.”

அவள் சொன்னது ஒரு ஆய்வு முடிவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ரோசா மார்ட்டேயும் சகாக்களும் 2014இல் வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் விளையாட்டாளர்களை அவதானித்தார்கள். பெண் உருவம் எடுத்த ஆண்கள் தாங்கள் ஆண் என்பதைப் பெரிதாக மறைக்கவில்லை. ஆனாலும் உணர்ச்சிச் சொற்களும் ஆச்சரியக்குறிகளும் அவர்கள் பேச்சில் கூடின. பெண் இப்படித்தான் என்று தலைக்குள் இருந்த ஒரு படத்துக்கு ஏற்றபடி அவர்கள் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தப் படத்தின் ஆச்சரியக்குறி “அண்ணா”.

அக்கா ஒருமுறை மைக்கைத் திறந்திருக்கிறாள். கடைசி வட்டம், தட்டி எழுத நேரமில்லை, “பின்னால! பின்னால!” என்று கத்திவிட்டாள். அந்த ஆட்டத்தை வென்றார்கள். வென்ற கையோடு அணியில் அன்று வந்து சேர்ந்திருந்த ஒருவன் கேட்டது, “பெட்டையோ? நம்பர் தா.” இன்னொருவன், “குசினிக்குப் போய் உலை வை.” அந்த ஐடியை அவள் அழித்துவிட்டாள். சேர்த்த வைரம் (விளையாட்டுக்குள் செல்லும் காசு), உடுப்பு, தரநிலை எல்லாம் போயிற்று. இப்போதிருக்கும் ஆண் பெயர் ஐடி அதற்குப் பிறகு திறந்தது.

ஜெஃப்ரி குஸ்னெகொஃப், லின்ட்சி ரோஸ் இருவரும் 2013இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை உண்டு. ஹேலோ 3 என்ற சுடும் விளையாட்டில் முன்பே பதிவு செய்த ஒரே மாதிரியான வசனங்களை ஒருமுறை ஆண் குரலிலும் ஒருமுறை பெண் குரலிலும் ஒலிக்க விட்டார்கள். குரலே இல்லாமலும் விளையாடினார்கள். பெண் குரலுக்கு விழுந்த எதிர்மறைப் பேச்சு மற்ற இரண்டையும்விட மூன்று மடங்கு. சொன்ன வசனம் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். 2015இல் மைக்கல் கசுமோவிச்சும் குஸ்னெகொஃபும் இன்னொன்றைக் காட்டினார்கள்: பெண் குரல் மீது அதிகம் பாய்ந்தவர்கள் திறமை குறைந்த ஆண்கள், நன்றாக விளையாடியவர்கள் அவ்வளவு பாயவில்லை. இதை அக்காவிடம் சொன்னபோது, “உலை வை எண்டவன் அண்டைக்கு ஒருத்தனையும் சுடேல்லை மிஸ்” என்றாள்.

தம்பியின் பெண் குரலுக்கு அன்பு கிடைத்தது, அக்காவின் பெண் குரலுக்கு வசை கிடைத்தது. ஏன் இந்த வித்தியாசம் என்று மூவரும் கொஞ்ச நேரம் கதைத்தோம். விடையைத் தம்பிதான் கண்டுபிடித்தான். அவன் பெண் குரலில் இருந்தபோது நன்றாக விளையாடவில்லை. விழுந்துகொண்டே இருந்தான். அவள் வென்றுவிட்டாள்.

அன்பு என்று சொன்னதும் முழு உண்மையில்லை. கிழமைக்குள் ஏழு பேர் அவனிடம் நம்பர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் தன் காசில் ஒரு உடுப்புப் பரிசு அனுப்பினார், பிறகு ராத்திரி ராத்திரியாகக் கதைக்கக் கூப்பிட்டார். தம்பி பயந்துபோய் அவரைத் தடுத்துவிட்டான். “அந்த அண்ணை பாவம் மிஸ், நான் ஏமாத்திப் போட்டன்” என்று சொல்லும்போது கொன்னை மிக மோசமாக வந்தது. நான் அதை லேசாக்கிச் சொல்லவில்லை. ஏமாற்றுத்தான். ஆனால் அக்கா பக்கத்தில் இருந்து, “இப்ப விளங்குதோ நான் ஏன் மைக் போடுறேல்லை எண்டு” என்றது என் எந்தக் கேள்வியையும்விட அவனுக்குள் இறங்கியது.

வீட்டுக்குப் போனபோது

தாயாரைச் சந்திக்க வீட்டுக்குப் போனேன். விறாந்தைச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்: கூறைச்சேலை, கொண்டை, கழுத்து நிறைய நகை. “அப்பா” என்றார். தம்பியின் அம்மப்பா. அரிச்சந்திரன் கதையைச் சொல்லும் மயான காண்டம் நாடகத்தில் அவன் மனைவி சந்திரமதியாக வேடம் கட்டியவராம். பெண் வேடத்தை ஆண்களே கட்டிய காலம் அது. பாட்டெடுத்தால் சனம் விக்கி விக்கி அழுமாம். கதையாக எழுதினால் வலிந்து கொண்டுவந்தது என்பார்கள், ஆனால் படம் அங்கே தொங்கியது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தாயாரே கொஞ்ச நேரம் கழித்து, “அது வேற, இது வேற” என்றார். அவர் சொன்னதில் ஞாயம் இருக்கிறது. மேடையில் சந்திரமதி யாரென்று முழு ஊருக்கும் தெரியும், தெரிந்துகொண்டுதான் அழுதது. விளையாட்டில் எதிரில் இருப்பவனுக்குத் தெரியாது. ஆனாலும் நான் கேட்டேன்: “அக்கா இரண்டு வருசமா ஆம்பிளைப் பேரில விளையாடுறா, தெரியுமோ?”

“ஓம், தெரியும். அது நல்லது தானே. கண்டவனும் கரைச்சல் குடுக்க மாட்டான்.”

இந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். பெட்டை ஆணாக ஒளிந்தால் அது புத்தி. பெடியன் பெண்ணாக வந்தால் அது வருத்தம். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம், தன் குரலால் வரும் அடியிலிருந்து தப்பியது. ஒருத்தியை ஒருவரும் என்னிடம் கூட்டிக்கொண்டு வரவில்லை. ஆய்வுகளிலும் இந்தச் சாய்வு இல்லாமலில்லை. பெண் உருவம் எடுக்கும் ஆண் ஏன் எடுக்கிறான் என்பது ஆவலைக் கிளப்பும் கேள்வியாகிறது, மைக்கை மூடி வைத்திருப்பவள் சத்தமில்லாத காரணத்தாலேயே எவர் கண்ணிலும் படுவதில்லை.

1986இல் நின்டென்டோ வெளியிட்ட மெட்ராய்டு பற்றி ஒருநாள் அக்காவுக்குச் சொன்னேன். முழு விளையாட்டும் கவசத்துக்குள் இருக்கும் வீரர் சாமுஸ், ஆங்கிலக் கையேடுகூட “அவன்” என்றே எழுதியது, வேகமாக முடித்தால் கடைசியில் கவசம் கழன்று பெண் என்று தெரியும், இன்னும் வேகமாக முடித்தால் உடுப்பும் குறையும். கேட்டுவிட்டு, “எனக்கு அந்த ஹெல்மெட் காணும் மிஸ்” என்றாள்.

இப்போதைய நிலை

தம்பியைப் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பியிருக்கிறேன். செயலியை நிறுத்தச் சொல்லவில்லை. தெரியாத ஆட்களோடு அந்தக் குரலில் கதைப்பதை அவனே விட்டுவிட்டான். தனியே அறையில் இருந்து அதைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் பேப்பர் வாசிக்கிறானாம். கெல்லியை மாற்றவில்லை. பால்நிலை பற்றிய கேள்வியைக் கடைசிச் சந்திப்பில் ஒருமுறை, நேரடியாக, அவசரமில்லை என்று சொல்லிக் கேட்டேன். “தெரியேல்லை மிஸ். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். கொன்னை இல்லாட்டியும் பிடிச்சிருக்குமோ எண்டு தெரியேல்லை.” கோப்பில் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். தாயாருக்கு நான் சொன்னது, அவனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்பது மட்டும். முழுக்க நம்பினார் என்று சொல்ல மாட்டேன். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறார், அது புதிது.

அக்கா நாலு பேருக்குள் மட்டும் மைக்கைத் திறக்கத் தொடங்கியிருக்கிறாள். அணித்தலைவன் முதல் நாள் முழுக்க ஒரு வார்த்தையும் கதைக்கவில்லையாம். மறுநாள் “மச்சான்” என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, கடைசியில் பெயரில்லாமல் “பின்னால பாருங்கோ” என்று மரியாதையில் முடித்திருக்கிறான்.

ஐடியில் இன்னும் அந்த ஆண் பெயர்தான். மாற்றலாமே என்றேன்.

“மாத்திறதுக்கு வைரம் வேணும் மிஸ்.”

தம்பி தன்னிடம் இருப்பதைத் தருவதாகச் சொன்னான்.

“வைரம் இருந்தாலும் மாத்த மாட்டன்” என்றாள்.